இடது பக்கம் சாய்ந்த தையல்

குண்டூசி அக்கா பேசாமல் இருப்பது இரண்டே சமயங்களில்தான். ஒன்று தூக்கம். இன்னொன்று, யாருடைய உடுப்பையாவது பிடித்து அளவு வைக்கும்போது. அப்போது உதடுகளுக்கிடையில் வரிசையாகக் குண்டூசிகளைக் கவ்வியிருப்பாள். படப்பிடிப்பில் விளக்கு தூக்குகிறவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். "அக்கா வாய்ல ஊசி இருக்கு. திட்டணும்னா இப்பவே திட்டிக்கங்கப்பா, பதில் வராது" என்பார்கள். அக்கா கண்ணாலேயே அவர்களை ஒரு பிடி பிடித்துவிட்டு, கடைசி ஊசியைக் குத்தி முடித்ததும் வாயாலும் ஆரம்பிப்பாள்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சட்டைத் தொழிற்சாலைக்குப் போனவள். அங்கே காஜா எடுக்கிற வேலை. பொத்தான் துளை மட்டும் நாள் முழுக்க வரும், போகும். முழுச் சட்டையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. "கல்யாணத்துக்கு அப்புறம்தான் சட்டைக்குக் காலர்னு ஒண்ணு உண்டுன்னே தெரியும்" என்று சொல்லி, அவளே முதல் ஆளாகச் சிரிப்பாள். கணவர் லாரி ஓட்டுபவர். விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்து, அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு, வெளுத்த துணியை எடுத்துக்கொண்டு போகிறவர். அவர் இல்லாத நாட்களை நிரப்ப முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டு, தெருவிலிருக்கிறவர்களின் துணிகளைப் பிடிக்கவும் விடவும் ஆரம்பித்தாள். சினிமா உடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், கிழிந்த கோட்டு ஒன்றை அவசரத்துக்கு அவளிடம் கொண்டுவந்தார். கிழிசல் எங்கே இருந்தது என்று அவருக்கே பிறகு தெரியவில்லை. கோட்டோடு அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் ஒருத்தி. இடக்கைக்காரி. சின்ன வயதில் அவளுக்கு, ஓரம் மடித்துத் தைக்கிற ஹெம்மிங் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது அக்காவுக்கே தலை சுற்றியது. எப்படிச் சொன்னாலும் ஊசி எதிர்ப்பக்கம் போயிற்று. கடைசியில் மகளைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தான் தைப்பதைக் கண்ணாடிக்குள் பார்த்து அப்படியே தைக்கச் சொன்னாள். பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தையல் வலது பக்கம் சாயும், மகளின் தையல் இடது பக்கம் சாயும். மற்றவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மகளுக்குத் தையலில் மனம் நிற்கவில்லை. பாட்டுக் காட்சிகளில் கதாநாயகிக்குப் பின்னால் ஆடுகிற கூட்டத்தில் சேர்ந்தாள். ஒரு பாட்டில் மேடைப் பலகை சரிந்து முழங்கால் பிசகிவிட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. கேட்டால் "இன்னும் வலிக்குதும்மா" என்பாள். மகளின் பழைய கவுனுக்குப் பொத்தான் மாற்ற எடுத்தபோதுதான் அக்காவின் விரலில் அடிமடிப்பு நெருடியது. பிரித்தால் மாத்திரை. பிறகு ஜன்னல் திரையின் மடிப்பில், தலையணை உறையின் ஓரத்தில், மெத்தையின் விளிம்பில். எல்லாம் அவளே சொல்லிக்கொடுத்த ஹெம்மிங். அன்றைக்குத் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தவள், வீட்டில் தைத்த பொருள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. லாரியிலிருந்து இறங்கி வந்த கணவர், நூல் தொங்கும் திரைகளையும் பஞ்சு கக்கும் தலையணைகளையும் பார்த்து, "என்ன, வீட்டுக்குள்ள குரங்கு வந்துச்சா?" என்றார். பதில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாயில் ஊசியும் இல்லை.

மகளைச் சிகிச்சை இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா, அக்காவைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்: "நீங்க தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவளுக்கு ஒளிக்கிறதுதான் வேலை. நீங்க கெட்டிக்காரி ஆக ஆக, அவளும் கெட்டிக்காரியாவா. அவளே எடுத்துக் குடுக்கணும். அதுதான் கணக்கு."

"அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

"கஷ்டம்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும்."

"பல்லைக் கடிச்சா ஊசி குத்துமே டாக்டரம்மா" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை.

மகள் திரும்பி வரும்போது ஒரு பரிசோடு வந்தாள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஊசி மெத்தை; உள்ளே மரத்தூள் அடைத்து, மேலே பச்சை வெல்வெட் துணி சுற்றி, அங்கேயே உட்கார்ந்து தைத்தது. அக்கா அதைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள். "என் பொண்ணு தச்சது" என்று, கேட்காதவர்களுக்கும் காட்டுவாள்.

அந்தச் சமயத்தில் வந்த வேலைதான் இந்தப் படம். மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து எழ முடியாமல் தவிக்கிற ஒரு இளைஞனின் கதை. மகளையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். முடி திருத்துகிற அம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "ஏன்க்கா, ஊர்ல எத்தனையோ படம் எடுக்கிறாங்க. இந்தப் படத்துக்கா இவளைக் கூட்டிட்டு வரணும்?"

"வெளியதான் பயம். இங்க எல்லாமே டூப்பு. மாத்திரைகூட வெறும் மாவு" என்றாள் அக்கா.

படப்பிடிப்பு ஒரு மாடி வீட்டில். கீழே காட்சிகள், மேலே படுக்கையறையில் உடுப்புகள். கதாநாயகனாக நடிக்கிற தம்பிக்குப் படம் முழுக்க ஒரே நீலக் கோடு போட்ட சட்டைதான். ஆனால் சட்டை நான்கு. ஒன்றாம் சட்டை அம்மா தேய்த்துக் கொடுத்த மொடமொடப்போடு. இரண்டாவது, தேயிலைத் தண்ணீரில் முக்கி மங்கவைத்தது. மூன்றாவது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முழங்கைகள் வெளுத்தது. நான்காவது, காலர் நைந்து, அடிமடிப்பு சுருண்டு, தெருவில் கிடந்து எழுந்தவனுடையது. அதைச் செய்ய அக்காவுக்கும் மகளுக்கும் ஒரு வாரம் பிடித்தது. "புதுச் சட்டையைக் கெடுக்கிறதுக்கு இவ்வளவு பாடா!" என்று மகள் அன்றைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

சட்டைகள் தகரப் பெட்டியில். பெட்டிச் சாவி அக்காவின் கழுத்தில்.

வீட்டில் மகளின் துணிகளை அக்கா தினமும் தடவிப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது, கை கேட்கவில்லை. மகள் பார்க்காதபோது பார்த்தாள். மகளுக்கு அது தெரியும் என்று அக்காவுக்கும் தெரியும்.

நான்காம் சட்டை கடைசி வாரத்தில்தான் வேண்டியிருக்கும் என்றுதான் திட்டம். ஆனால் படத்தில் அம்மாவாக நடிப்பவர் வெளியூர் போகவேண்டியிருந்ததால், அந்தக் காட்சியை முன்னே இழுத்துவிட்டார்கள். காலையில் துணை இயக்குநர் படியில் நின்றே கத்தினார்: "அக்கா! நாலாம் சட்டை! பாத்ரூம் சீன்! தம்பி ஷவருக்குக் கீழ முழுசா நனையறாரு!"

தேநீர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். ஏன், உனக்கு நல்ல நேரம் பாக்கணுமா?" என்று சொல்லிக்கொண்டே அக்கா பெட்டியைத் திறந்தாள்.

"நீ இரும்மா. அதை நான் தேய்க்கிறேன்."

"நைஞ்ச சட்டையை எதுக்குத் தேய்க்கணும்? ஒரு உதறு உதறினாப் போதும்."

"நான் உதறறேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். மகள் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. அதே நேரம் கீழேயிருந்து யாரோ மகளைக் கூப்பிட்டார்கள். கதாநாயகத் தம்பியின் செருப்பு அறுந்துவிட்டதாம். மகள் போக மனமில்லாமல் போனாள்.

அக்கா சட்டையைக் கையில் எடுத்தாள். அடிமடிப்பில் விரலை ஓட்டினாள். இடது ஓரத்தில் நெருடியது.

ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். அடிமடிப்பு முழுக்க அவள் தைத்தது, வலது பக்கம் சாய்ந்தது. ஓர் அங்குல இடத்தில் மட்டும் தையல் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

கத்தியை எடுத்துப் பிரித்தாள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரண்டு மாத்திரைகள். மாவு இல்லை.

பெட்டிச் சாவி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கனம் அப்போதுதான் தெரிந்தது. மகளின் துணி, மகளின் பை, மகளின் தலையணை எல்லாவற்றையும் தடவியவள், தன் பெட்டியைத் தடவவில்லை. சேர்ந்து சட்டையைக் கெடுத்த அந்த வாரத்திலேயே, காவல் போட்டிருந்த இடத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாள் பெண். காவல்காரியே தினமும் பூட்டிக்கொடுத்திருக்கிறாள்.

கத்தவேண்டும் போலிருந்தது. படியிறங்கிப் போய் எல்லோர் முன்னாலும் அவள் தலைமுடியைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. 'அவளே எடுத்துக் குடுக்கணும்.' கீழே செருப்பைத் தட்டுகிற சத்தம் நின்றது. படியில் காலடி.

மாத்திரைகளை இடுப்புப் பையில் போட்டாள். பொத்தான் டப்பாவிலிருந்து அதே பருமனில் இரண்டு பொத்தான்களை எடுத்து மடிப்புக்குள் திணித்தாள். ஊசியில் நூல் இருந்தது. மகளுடைய தையல் மாதிரியே இடது பக்கம் சாய்க்கப் பார்த்தாள். அவசரத்தில் கைக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது மகள் உள்ளே வந்துவிட்டாள்.

"குடும்மா, நான் கொண்டுபோறேன்."

"சேர்ந்தே போலாம்" என்றாள் அக்கா. "ஈரக் காட்சி. ஆள் வேணும்."

கீழே, குளியலறை வாசலில் கதாநாயகத் தம்பி குளிராமலேயே நடுங்கிப் பழகிக்கொண்டிருந்தான். நல்ல பையன். இந்த வேடத்துக்காகச் சாப்பாட்டைக் குறைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். "அக்கா, இந்தச் சட்டையைப் போட்டாலே எனக்கு என்னமோ பண்ணுதுக்கா. வீட்டுக்குப் போனாலும் கழட்டின மாதிரியே இல்ல" என்றான்.

"வீட்ல போய்ச் சாப்பிடு தம்பி. எல்லாம் கழண்டுடும்."

மகள் அவனுக்குச் சட்டையை மாட்டினாள். பொத்தான்களைப் போட்டுக்கொண்டே கீழே வந்தாள். அடிமடிப்பை இழுத்துவிடுவதுபோல இடது ஓரத்தைப் பிடித்தாள். கட்டை விரல் தையல்மேல் ஒருமுறை போயிற்று. நின்றது. திரும்பி வந்தது.

அக்கா குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டாள். தேவையே இல்லாமல் தம்பியின் கைமடிப்பில் ஊசி குத்தத் தொடங்கினாள். தான் எந்தப் பக்கம் சாய்த்துத் தைத்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மகள் முகத்தை நிமிர்த்தவில்லை.

"எல்லாரும் சைலன்ஸ்!"

தண்ணீர் திறந்தது. தம்பி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். அம்மாவாக நடிப்பவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்கேடா வச்சிருக்கே? சொல்லுடா, எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் சட்டையின் நுனியை இரண்டு கையாலும் முறுக்கினான். தண்ணீர் சொட்டச் சொட்ட முறுக்கினான். அக்கா துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தாள். சட்டையைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள்.

"கட்!" என்றார் இயக்குநர். "நல்லா இருக்கு. இன்னொண்ணு போலாம்."

தம்பி எழுந்து, நுனியைப் பிதுக்கிப் பார்த்தான். "அக்கா, இதுக்குள்ள ஏதோ கட்டியா இருக்கே?"

எல்லோரும் திரும்பினார்கள். இயக்குநர், துணை இயக்குநர், அம்மாவாக நடிப்பவர், கம்பத்தைப் பிடித்த மகள். தம்பி நகத்தால் தையலைக் கீற ஆரம்பித்திருந்தான்.

அக்கா ஊசிகளை வாயிலிருந்து உள்ளங்கையில் துப்பினாள்.

"பிரிக்காதே தம்பி! பொத்தான் வச்சிருக்கேன். நனைஞ்ச துணி மேல சுருட்டிக்கும், தொப்புள் தெரியும். கனத்துக்காக வச்சது."

"பாருங்க சார், அக்கா எவ்வளவு யோசிக்கிறாங்க!" என்றார் துணை இயக்குநர்.

"யோசிக்காம உங்ககூட எல்லாம் வேலை செய்ய முடியுமா?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். குரல் சரியாகத்தான் வந்தது. துண்டை விரித்துக்கொண்டு தம்பியிடம் போனாள்.

தம்பியின் தலையைத் துவட்டிவிட்டுத் திரும்பினால் கம்பத்தடியில் மகள் இல்லை.

ஈரக் காட்சியில் உடுப்புக்காரி நகரக் கூடாது. அடுத்த ஷாட்டுக்கு முன்னால் சட்டையின் ஈரம், மடிப்பு, காலர் எல்லாம் பழைய மாதிரியே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அக்கா காலரைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். பார்த்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை. வாசல் கதவு திறந்திருந்தது. தெரு தெரிந்தது. தெருமுனையில் ஒரு மருந்துக் கடையின் பச்சை விளக்கு. காலையில் வரும்போது அவள்தான் மகளை அந்தக் கடைப் பக்கம் பார்க்கவிடாமல், கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"போலாமா அக்கா?" என்றார் இயக்குநர்.

"அஞ்சே நிமிஷம் சார். தோள்ல சுருக்கம் விழுந்துடுச்சு. அயர்ன் பாக்ஸ் வேணும்." பொய். ஈரச் சட்டையை யார் தேய்ப்பார்கள்?

அவள் முதலில் வாசலுக்குத்தான் ஓடினாள். தெருவில் மகள் இல்லை. படியேறினாள். மாடியறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்குமா என்று தள்ளிப் பார்க்கவே பயமாக இருந்தது. தள்ளினாள். திறந்தது.

மகள் தரையில், தகரப் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் பிரிக்கும் கத்தி.

"அதைக் கீழ வை" என்றாள் அக்கா.

"என்னை ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"கையைக் குடும்மா."

அக்கா வலது கையை நீட்டினாள்.

"அது இல்ல. அந்தக் கை."

அக்காவுக்குப் புரியவில்லை. இடது கையை நீட்டினாள். மகள் மணிக்கட்டில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள். பச்சை வெல்வெட் மெத்தையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பக்கத்திலிருந்த இஸ்திரி விரிப்பில் குத்தினாள். பிறகு மெத்தையைத் திருப்பி, அடித்தையலில் கத்தியை விட்டு இழுத்தாள். மரத்தூள் கொட்டியது. மரத்தூளுக்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரண்டு மாத்திரைகள்.

அக்கா தொம்மென்று தரையில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் நாடா பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அந்தக் கையோடுதான் அவள் தூங்கினாள், அந்தக் கையோடுதான் மகளின் துணிகளைத் தடவினாள், அந்தக் கையைத்தான் ஊருக்கெல்லாம் தூக்கிக் காட்டினாள்.

"இதோடவா தச்சுக் குடுத்தே?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. குடுத்தப்போ வெறும் மரத்தூள்தான். அப்புறம் நீ குளிக்கப் போனப்போ…" மகளுக்கு மூச்சு வாங்கியது. "சாப்பிடலம்மா. ஒண்ணுகூடச் சாப்பிடல. இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சாத்தான் தூக்கம் வருது."

"நம்பச் சொல்றியா?"

"சொல்லல."

"இன்னும் எங்கயாவது வச்சிருக்கியா?"

"இல்லன்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"அப்போ ஏன் கேக்கிற?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு வேறு ஏதோவும் வந்தது. இந்த மெத்தையை அவள் தேடியிருக்கவே மாட்டாள். சாகிற வரைக்கும் கையில் கட்டிக்கொண்டே திரிந்திருப்பாள். பொத்தான் என்று காதில் விழுந்ததும் பெண் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்ததெல்லாம் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது என்று விட்டிருக்கலாம்.

இடுப்புப் பையிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து, இந்த இரண்டோடு சேர்த்து வைத்தாள். மரத்தூளுக்கு நடுவில் அவை பொத்தான் மாதிரியே இருந்தன.

"எழுந்திரு. நீயே கொண்டுபோய்க் கொட்டு. பக்கத்துலதான் பாத்ரூம்" என்றாள். டாக்டரம்மா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

மகளின் கை முன்னால் வந்தது. விரல்கள் விரிந்தன. அப்புறம் அவள் அந்தக் கையைச் சட்டென்று பின்னால் இழுத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"என் கைல குடுக்காதம்மா. இன்னிக்குக் குடுக்காத. நீயே கொட்டிடு."

கீழேயிருந்து சத்தம் வந்தது: "அக்கா! அயர்ன் பாக்ஸைக் கண்டுபிடிக்கப் போயிட்டீங்களா, இல்ல புதுசாச் செய்யறீங்களா?"

"வர்றேன்டா! உயிரை வாங்காதே!" என்று அக்கா கத்தினாள். மாத்திரைகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். மகள் வாசலில், உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். அக்கா தாளைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். எல்லாம் போனபிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள்.

"போச்சா?" என்றாள் மகள், திரும்பாமல்.

"போச்சு."

மகளின் தோள்கள் இறங்கின. பிறகு அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. அழுகிறவரைக்கும் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

"மூஞ்சியைக் கழுவு. சட்டையோட தோளை நீ பாத்துக்கோ, நான் காலரைப் பாக்கிறேன். கன்டினியூட்டி தப்பாச்சுன்னா அந்த ஆள் நம்ம ரெண்டு பேரையும் ஷவருக்குக் கீழ உக்கார வச்சுடுவாரு."

கீழே போனார்கள். அக்காவின் கையில் மெத்தை இல்லாததால் ஊசிகளையெல்லாம் வாயிலேயே வைத்துக்கொள்ளவேண்டியதாயிற்று. அன்றைக்கு மாலை வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கு தூக்குகிறவர்கள் திட்டிப் பார்த்தார்கள். கண்ணாலும் பதில் வரவில்லை. அவள் கண் மகளின் கையிலேயே இருந்தது.

படம் முடிந்து, வேறு படம் வந்து, அதுவும் முடிந்துவிட்டது. நடுவில் மகள் ஒருமுறை சிகிச்சை இல்லத்துக்குத் திரும்பப் போனாள், அவளாகவே கேட்டு. வந்தாள். ஊசி மெத்தையில் புது மரத்தூள் அடைத்து அவளே மூடித் தைத்திருக்கிறாள். தையல் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மகள் அதை எடுத்து நீட்டுவாள். அக்கா வாங்கி, இரண்டு கட்டைவிரலாலும் நான்கு பக்கமும் அழுத்திப் பார்ப்பாள். ஒளிந்து பார்ப்பதில்லை, அவள் முகத்துக்கு எதிரேயே பார்ப்பாள். மகளும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சரி, கையை நீட்டு. கட்டிவிடறேன்."